மூன்று தடவை மினுக்கும் பின்விளக்கு

ஊரெல்லாம் வெள்ளைக் கார் வாங்கித் தொலைத்ததுதான் வினை. வெயில் ஏறாது, விற்கும்போது விலை போகும் என்று யாரோ கிளப்பிவிட, ஆளாளுக்கு வெள்ளையாகப் பார்த்து வாங்கிவிட்டார்கள். அந்த மந்தையில் லிஃப்ட்காரனும் ஒரு ஆடு. லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பது அவன் பிழைப்பு. பழைய வெள்ளைக் கார் ஒன்று வைத்திருந்தான். ஞாயிறு சாயங்காலம் அதில் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவான். அவள் தன் அம்மாவோடு ஓர் அடுக்குமாடியின் நாலாம் மாடியில் இருக்கிறாள். பிரிந்த புதிதில் இருந்த சண்டையெல்லாம் ஓய்ந்து, இப்போது புருஷனும் பெண்டாட்டியுமாக இருந்தவர்கள் பேங்க் கவுண்டரில் பேசுவதுபோல மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள். சண்டையே தேவலை.

போன மாதம் ஒருநாள் அவன் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது மகள் சொன்னாள். "மேல இருந்து பார்த்தா உன் கார் எதுன்னே தெரியலப்பா. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

அவள் சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். இவனுக்கு வீடு போய்ச் சேரும்வரை அதே நினைப்பு. தான் கிளம்பியதும் குழந்தை ஜன்னலில் நின்று பார்க்கிறாள், தெருமுனை திரும்பும்வரை பார்க்க ஆசைப்படுகிறாள், பாதியிலேயே தொலைத்துவிடுகிறாள் என்று மனசுக்குள் படம் ஓடியது. அவளுக்குத் தானும் பத்தோடு பதினொன்றாகிவிடுவோமோ என்று பயந்தான். இன்றைக்குக் கார் அடையாளம் தெரியவில்லை, நாளைக்கு மூஞ்சி. அப்படியெல்லாம் ஒரு குழந்தை அப்பாவை மறந்துவிடாதுதான். ஆனால் தனியாக இருக்கிறவன் மூளை இப்படித்தான் போகும், பிடித்து நிறுத்த ஆள் கிடையாது.

வேறு யாராவது என்றால் காரின் தலையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுச் சோறு சாப்பிடப் போயிருப்பார்கள். இவன் வயர் பிடித்துப் பழகியவன், அதனால் வயரில்தான் யோசனை போனது. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மூன்று தடவை மினுக்க வேண்டும். பிறகு சாதாரணமாக எரியலாம். தெருமுனையில் பிரேக் போடாமல் யாரும் திரும்ப முடியாது. அத்தனை கார்களில் ஒன்று மட்டும் மூன்று தடவை மினுக்கினால், அது அப்பா.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் எல்.ஈ.டி. பட்டையை அளந்து வெட்டிக்கொண்டே, பின்னால் யார் சார் வருகிறார்கள், இவ்வளவு ஜோடனை என்று கிண்டலாகக் கேட்டார். யாரும் வரவில்லை என்றான். அவருக்கு என்னமோ போலாகி, கூட ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை முழுக்க அதே வேலை. விளக்குகளைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தான். சாப்பாட்டு மேசையில் எதிர்ப்பக்கம் எப்போதும் காலிதான், இடம் தாராளம். ஹீட் கன்னால் பசையை இளக்கி, சிவப்புக் கண்ணாடி விரிசல் விடாமல் மெல்லப் பிரித்தான். உள்ளே பட்டையை வளைத்து ஒட்டி, பிரேக் வயரில் சேர்த்து, நடுவே மினுக்குவதற்கான சின்னப் பெட்டியைப் பொருத்தி, தண்ணீர் இறங்காமல் சுற்றிலும் சிலிக்கான் பூசினான். கை நேர்த்தியான கை. அதைச் சொல்லத்தான் வீட்டில் யாரும் இல்லை.

காரில் மாட்டியபிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. பிரேக் விளக்கைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் பின்னால் நின்று பார்க்க. மாப் கட்டையை எடுத்து சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினான். விளக்கு சமர்த்தாக எரிந்தது. மினுக்கவில்லை. மினுக்குவது மிதித்த அந்தக் கணத்தில்தானே, ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. கட்டையை எடுத்து மறுபடி முட்டுக் கொடுத்து மறுபடி ஓடினான். மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டுக் கதவு வரைக்கும் போனான். உள்ளே டிவி சத்தம், அதற்குமேல் சிரிப்புச் சத்தம். குடிவந்து இத்தனை நாளில் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல் வார்த்தையே கொஞ்சம் வந்து பிரேக்கை மிதிக்கிறீர்களா என்பதா? மணியை அடிக்காமல் திரும்பிவிட்டான்.

கடைசியில் காரைப் பின்னுக்கு எடுத்து, பார்க்கிங் சுவரை ஒட்டி நிறுத்தி, இருட்டும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தான். பிறகு மிதித்தான். சுவரில் சிவப்பு மூன்று தடவை வந்து போனது. கண்ணாடியில் அதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசை தீர மிதித்து மிதித்துப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் விவரம் எதுவும் சொல்லவில்லை. நான் போனதும் ஜன்னலில் நில், தெருமுனையைப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான். முனையில் பெடலை அழுத்தி, விளக்கு மூன்று தடவை மினுக்கி முடியும்வரை நின்றான். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டினான். திட்டட்டும். திரும்பியதும் ஓரமாக நிறுத்தி ஃபோன் போட்டான். அவள் அம்மா எடுத்து, ஒரு நிமிஷம் என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்பா. அழகா மினுக்குச்சு." உடனே கேட்டாள். "முன்னாடியும் அப்படி மினுக்குமா?"

"முன்னாடி எதுக்குடா?"

"நீ வர்றப்ப எப்படித் தெரியும்? பின்னாடி லைட்டு நீ போனப்புறம்தானே தெரியுது."

அவளே சொல்லிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்ததிலிருந்து ஜன்னலில்தான் நிற்பாளாம். வெள்ளைக் கார் வந்து நின்றால் படியிறங்கி ஓடுவாளாம். போன வாரம்கூட ஓடியிருக்கிறாள். வேறு யாரோ ஒரு மாமா இறங்கினாராம். அம்மா திட்டினார்களாம்.

லிஃப்ட்காரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். போவது மட்டுமே அவனுக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது, ஏனென்றால் வலித்தது அதுதான். தன் வரவுக்காக ஓர் ஆள் காத்திருக்கக்கூடும் என்று அந்த மரமண்டைக்குத் தோன்றவே இல்லை. அதைவிட மோசம், வரும்போது அவன் இந்தத் தெருவில் வருவதே கிடையாது. வாசலில் வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் கேட்பதற்குக் கூசி, பின்தெருவில் காரை விட்டுவிட்டுப் பின்கேட் வழியாக ஏறிவிடுவான். கிளம்பிப் போகும்போதுதான் பின்தெரு வளைந்து அவனை இந்தத் தெருவில் கொண்டுவிடும். அவள் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னலுக்குக் கீழே அவன் ஒருநாளும் வந்து இறங்கியதில்லை.

"ஃபோனை வச்சிடாத," என்றான். "ஜன்னல்லயே நில்லு. நான் இப்ப வர்றேன்."

"இப்பதானே போனே?"

"ஆமா. வர்றேன், பாரு."

அது ஒருவழித் தெரு. சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நுழைந்து, இரண்டு திருப்பம் திரும்பி, பெரிய ரோட்டு சிக்னலில் மாட்டிக்கொண்டான். முன்னால் எட்டுப் பத்து வண்டிகள். ஸ்பீக்கரில் மகள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"ஒரு வெள்ளைக் கார் வருது. இதா நீ?"

"இல்லடா. நான் இன்னும் சிக்னல்ல நிக்கிறேன்."

"இது?"

"இல்ல."

இத்தனை ஞாயிறும் அவள் இதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள், இல்லை என்று சொல்லக்கூட ஆள் இல்லாமல். ஃபோனில் அவள் அம்மாவின் குரல், இன்னும் என்ன பேச்சு, வை என்றது. ஒரு நிமிஷம்மா, அப்பா வர்றாங்க என்றாள் குழந்தை.

"அப்பா, இது?"

சிக்னல் இன்னும் சிவப்பாகவே இருந்தது. "இல்லடா," என்றான்.