ஏழு கோல் வாங்கி வந்தவர்கள்

ஏழு கோல் வாங்கியவன் என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கும்? விமான நிலைய வாசலில் அவர்கள் வந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் தொப்பி, காதில் ஹெட்போன், ஆளுக்கொரு உருட்டுப் பெட்டி. கல்யாண வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் மாதிரி ஆடி அசைந்து வந்தார்கள். நான் பஸ்ஸின் பக்கவாட்டில் சாமான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

தோற்றது யாரிடம்? ஒரு தீவிடம். அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையும் சாயங்காலம் எங்கள் பஸ் நிலையத்தில் நிற்கிற கூட்டத்துக்கு ஈடாகாது. அவர்களுடைய கோல்கீப்பருக்கு வாரநாட்களில் பல் டாக்டர் வேலை என்று டிவியில் சொன்னார்கள். அந்தப் பல் டாக்டருக்கு நம் ஆட்கள் கடைசிவரை ஒரு வேலையும் வைக்கவில்லை. மனிதர் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் தேசிய அணியின் ரசிகன். இதைச் சொன்னால் பலர் எனக்கு ஏதோ தீராத வியாதி என்பதுபோல் பார்க்கிறார்கள். "அவங்க தோத்தா உங்க சம்பளத்துலயா பிடிக்கிறாங்க?" என்று என் மனைவி கேட்பாள். பிடித்தால்கூடத் தேவலை, அதோடு போயிற்று என்று இருக்கலாம். மகள் பள்ளி மேடையில் பரிசு வாங்கிய அன்று நான் ஸ்டேடியத்தில் மழையில் நனைந்துகொண்டு இவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் தோல்விதான். இப்போதெல்லாம் மகள் என்னிடம் ஸ்கோர் கேட்பதில்லை, என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறாள். தோற்பதுகூடப் பழகிவிட்டது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் 'இந்தத் தடவை பார்' என்று ஒரு பாழாய்ப்போன நப்பாசை வருகிறதே, அதுதான் ஆளைக் கொல்கிறது.

இவர்களைக் கூட்டிவரும் டிரிப்பை நான் கேட்டு வாங்கினேன். எங்கள் கம்பெனி வாடகைக்குச் சொகுசு பஸ் விடுகிற கம்பெனி. வேறு டிரைவருக்குப் போட்டிருந்ததை, அவனுக்குப் பதிலாக நான் ஒரு நீண்ட மலைப் பாதை டிரிப் ஓட்டுவதாகச் சொல்லி மாற்றிக்கொண்டேன். மேனேஜருக்கு என் வாயைப் பற்றித் தெரியும். போன வருஷம் ஒரு பயணி, 'நம்ம டீம் இப்ப பரவாயில்லையே' என்று சொல்லப்போக, நான் பஸ்ஸை ஓரங்கட்டி அவரோடு சண்டை போட்டவன்.

"இன்னொரு கம்ப்ளெயிண்ட் வந்துச்சு, சாவியை மேசைல வச்சுட்டு நீ பாட்டுக்குப் போயிட்டே இருக்கலாம்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

சரி, வாயைத் திறக்கப் போவதில்லை. ஆனால் ஒரே ஒரு தடவையாவது இவர்கள் கேட்க வேண்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி இவர்கள் காதில் விழ வேண்டும். இத்தனை வருஷமாக இவர்கள் எங்களுக்குச் செய்ததற்கு அதுவாவது வேண்டாமா? நான் திட்டினால்தானே வேலை போகும், ஊர் திட்டினால் யார் வேலை போகும்?

எங்களிடம் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பெயர் 'வயிற்றெரிச்சல் சங்கம்'. அதில் எங்கள் தெருத் தையல்காரர் இருக்கிறார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற, ஸ்டேடியத்தில் இரண்டு விரலை வாயில் வைத்தால் பக்கத்துக் கேலரி காது பொத்துகிற, 'விசில்' என்று நாங்கள் கூப்பிடுகிறவன் இருக்கிறான். இன்னும் நிறையப் பேர். ஏழாவது கோல் விழுந்த அன்று அந்தக் குழுவில் வந்த வசவுகளை அச்சில் போட முடியாது. எல்லாரும் கால்பந்து அசோசியேஷன் கட்டடத்து வாசலில் கூடி, கறுப்புக்கொடி காட்டி, அழுகிய தக்காளி அடிப்பதாகப் பேச்சு. அசோசியேஷனுக்கும் இது எப்படியோ எட்டிவிட்டது. பின் கேட் வழியாக வரச்சொல்லி எங்கள் கம்பெனிக்குத் தகவல் அனுப்பியிருந்தார்கள்.

நான் காலையில் குழுவில் எழுதினேன்: 'மத்தியானம் நான்தான் கொண்டு வரேன். பின் கேட் இல்ல, மெயின் கேட். எல்லாரும் வந்துடுங்க.'

கட்டைவிரல் படமாக வந்து குவிந்தது.

விமான நிலையத்தில் நான் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு குடும்பம் அந்தப் பக்கமாக வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவோ யாரோ ஒருவரை நடுவில் நிறுத்தி, அந்த அப்பா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, எங்கள் கேப்டனிடம் போய் போனை நீட்டினார்.

"தம்பி, கொஞ்சம் எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தாங்களேன்."

கேப்டனுக்கு நாங்கள் வைத்த பெயர் மேஸ்திரி. மைதானத்தில் தான் ஓடாமல் மற்றவர்களுக்குக் கை காட்டிக்கொண்டே நிற்பான். அவன் ஒரு நிமிஷம் அந்தப் போனைப் பார்த்தான். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொல்லிக் கை காட்டி, போட்டோ எடுத்துக் கொடுத்தான். பெரிய பையன் போட்டிருந்தது வெளிநாட்டுக் கிளப் ஒன்றின் சட்டை. அவன் மேஸ்திரிக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிவிட்டு ஓடிப் போனான். அப்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

பஸ் கிளம்பியது. முன் இருக்கையில் அசோசியேஷன் அதிகாரி, சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் இரண்டு போன். அவர் எழுந்து பின்பக்கம் திரும்பிப் பேசினார்.

"எல்லாரும் கவனிங்கப்பா. வெளில கொந்தளிச்சுப் போயிருக்காங்க. கர்ட்டனை இழுத்து விட்டுக்குங்க. யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. யார் என்ன சொன்னாலும் பதில் பேசக் கூடாது. இறங்கினதும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நேரா உள்ள போயிடணும்."

கர்ட்டன்கள் சரசரவென்று மூடிக்கொண்டன. கண்ணாடியில் பார்த்தேன். கோல்கீப்பர் தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டான். அவனுக்கு எங்கள் சங்கம் வைத்த பெயர் ஓட்டைக்கை. பந்தை எப்போதும் ஆகாயத்துக்கே அனுப்புகிற ராக்கெட், நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பயப்படட்டும். எனக்கு அந்தப் பயம் பார்க்கப் பார்க்கத் தித்தித்தது.

பாலம் இறங்கியதும் அதிகாரி சொன்னார்: "டிரைவர், அடுத்த லெப்ட்ல திரும்பிடுங்க. பின் கேட்."

"அந்தத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்காங்க சார். தண்ணிக் குழாய் வேலை. பெரிய வண்டி போகாது."

"யார் சொன்னா?"

"காலைல நானே பாத்தேன்."

புளுகுதான். அந்தத் தெரு வழித்துவிட்ட மாதிரி சுத்தமாகக் கிடந்தது. நாளைக்கு விசாரித்தால் என் வேலை போகும் என்று தெரியும். போனால் போகட்டும், ஒரு நாளாவது எனக்கு ஆறுதல் கிடைக்கட்டும் என்றிருந்தது. அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு இரண்டு போனிலும் மாறி மாறி யாரையோ கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை.

சிக்னலில் நின்றபோது பக்கத்து நடைபாதையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பிளாஸ்டிக் பந்தைத் தட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்ட பெயரெல்லாம் வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் பெயர். எங்கள் பஸ்ஸின் நெற்றியில் 'தேசிய கால்பந்து அணி' என்று பெரிதாகத் துணி கட்டியிருந்தது. ஒரு பிள்ளை அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மறுபடி பந்தைத் தட்டப் போய்விட்டது.

அசோசியேஷன் தெருவுக்குள் திரும்பினேன். வேகத்தைக் குறைத்து, கூட்டம் வண்டியைச் சூழ்ந்துகொள்ள வசதியாக மெதுவாகப் போனேன். காதைத் தீட்டிக்கொண்டேன். விசிலின் விசில்தான் முதலில் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

மெயின் கேட் பாதி சாத்தியிருந்தது. குறுக்கே யாரோ ஒரு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். கேட் ஓரத்தில் ஹெல்மெட் போட்ட ஒருவன் மட்டும் கையில் எதையோ வைத்துக்கொண்டு நின்றான். கர்ட்டன் இடுக்கில் அவனைப் பார்த்துவிட்டு, "ஒருத்தன் நிக்கறான்" என்று பின்னாலிருந்து யாரோ கிசுகிசுத்தார்கள். ஹெல்மெட்காரன் நேராக என் ஜன்னலுக்கு வந்தான். நானும் ஆவலோடு கண்ணாடியை இறக்கினேன்.

"அண்ணே, இந்தப் பல் ஆஸ்பத்திரி எங்க இருக்கு? பார்சல் குடுக்கணும்."

தெரியாது என்று தலையாட்டினேன். அவன் போய்விட்டான்.

ஹாரன் அடித்தேன். வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "எந்த டீமு?" என்று கேட்டார். அதிகாரி இறங்கி அவரைத் திட்டினார். அந்த மத்தியானம் நான் கேட்ட ஒரே திட்டு அதுதான், அதுவும் வாட்ச்மேனுக்கு விழுந்தது. ஸ்கூட்டரை இரண்டு பேராகத் தூக்கி ஓரம் வைத்தார்கள்.

அதற்குள் போனை எடுத்துப் பார்த்தேன். தையல்காரர் எழுதியிருந்தார்: 'அவசர ஆர்டர்ப்பா, நீங்கல்லாம் பாத்துக்குங்க.' எல்லாருமே அவரைப் போல மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நான் விசிலைக் கூப்பிட்டேன்.

"ஐயையோ, இன்னிக்கா? மறந்தே போச்சு மச்சி. எங்க கிளப்புக்கு இன்னிக்கு செமி பைனல் இருக்கு, பசங்க எல்லாம் கடைல கூடியிருக்கோம்."

"எங்க கிளப்பா? அது எந்த ஊர்ல இருக்குன்னு உனக்குத் தெரியுமாடா?"

"எங்க இருந்தா என்ன, ஜெயிக்கிறாங்கல்ல? நானும் எத்தனை நாள்தான் அழறது? ஏழோட தலைமுழுகியாச்சு மச்சி. நீயும் விட்டுத் தொலை."

பின்னால் பத்துப் பேர் சேர்ந்து கத்துகிற சத்தம் கேட்டது. யாரோ கோல் போட்டுவிட்டார்கள். அவன் போனை அணைக்காமலே துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தான். எங்கள் அணிக்காகக்கூட அவன் அப்படிக் குதித்து நான் கேட்டதில்லை. கேட்க எங்கே வாய்த்தது?

பஸ்ஸை உள்ளே விட்டேன். கர்ட்டன்கள் ஒவ்வொன்றாக விலகின. மேஸ்திரி ஜன்னலில் முகத்தை ஒட்டி வெறும் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். அப்பாடா என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. அதிகாரி, "நல்லவேளை" என்று ஆரம்பித்தவர், அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டார்.

இறங்கினார்கள். தலையைக் குனியச் சொன்னதற்கு இப்போது அவசியமே இல்லை, இருந்தும் குனிந்துகொண்டுதான் போனார்கள். நான் சாமான் கதவைத் திறந்து ஒவ்வொரு பெட்டியாக எடுத்து வைத்தேன். கடைசியாக ஓட்டைக்கை வந்தான். டிவியில் பார்ப்பதைவிடச் சின்னப் பையன். தாடி சரியாக முளைக்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டவன் போகாமல் நின்றான்.

"அண்ணே, கூட்டம் வந்துட்டுப் போயிடுச்சா?"

"கூட்டமே வரலை தம்பி."

"ஒருத்தருமா வரலை?"

"ஒருத்தருமே வரலை."

அவன் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"நீங்க பாத்தீங்களாண்ணே? மேட்ச்?"

பார்த்தேனா? ஏழு கோலும் என் கண்ணுக்குள் இருந்தன. மூன்றாவது கோலுக்கு இவன் முன்னால் வந்திருக்கக் கூடாது. ஐந்தாவது இவன் கையில் பட்டு, அக்குளுக்கடியில் வழுக்கி உள்ளே போனது. அதை இரவெல்லாம் படுக்கையில் நானே பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். சேர்த்து வைத்த அத்தனையும் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதிகாரி உள்ளே போய்விட்டார். அங்கே எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. இவன் ஆசையோடு நிற்கிறான். அடி வாங்கக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். நான் நாலு வார்த்தை திட்டினால் போதும், நம்மைத் திட்ட ஒருவராவது இருக்கிறார் என்று இவன் இன்றைக்குத் தூங்கிவிடுவான். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்ததும் ஆத்திரம் தலைக்கேறியது. நான் தூங்காத இரவுகளுக்கு யார் வந்து பதில் சொன்னார்கள்?

"எந்த மேட்ச் தம்பி?" என்றேன். "நான் புட்பாலெல்லாம் பாக்கறதில்லையே."

பந்து உள்ளே போன பிறகு இவன் திரும்பி வலையைப் பார்ப்பான். அப்படி ஒரு பார்வை பார்த்தான். அதை டிவியில் எத்தனையோ தடவை பார்த்து மேசையைக் குத்தியிருக்கிறேன். பக்கத்தில் நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று என் வாய் திறந்தது. அதற்குள் அவன் பெட்டியின் பிடியை இழுத்து நீட்டிவிட்டான்.

"கொடுத்து வச்சவருண்ணே நீங்க" என்றான்.

கிண்டலே இல்லை, மனசாரத்தான் சொன்னான். சொல்லிவிட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனான். நான் "ஆமா தம்பி" என்று சொல்லிவிட்டு, சாமான் கதவைப் பூட்டிக்கொண்டு வந்து சீட்டில் உட்கார்ந்தேன். வண்டியை எடுக்கக் கை வரவில்லை.