நாத்தனார் மாட்டிய டிரைவ்

கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள் என் நாத்தனார். உள்ளே இருந்த தூசியைக் கண்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சமையலறை, என் துணி மடிப்பு, நான் பிள்ளை வளர்க்கும் லட்சணம் எல்லாவற்றின் மீதும் விழுந்த பார்வைதான்.

"என்ன அண்ணி, இதுக்குள்ள செடியே நடலாம் போலிருக்கே."

"நட்டுக்கோ. காய்ச்சதுல பாதி எனக்கு" என்றேன். வாய்தான் பேசியது. நினைப்பெல்லாம் டாக்டர் சொன்னதிலேயே இருந்தது.

விடாத இருமலுக்காக எடுத்த ஸ்கேனில், என் நுரையீரலில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. டாக்டர் படத்தில் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். "முன்னாடி கீழே விழுந்தப்போ நெஞ்சுல ஸ்கேன் எடுத்தேன்னு சொன்னீங்களே, அதை அனுப்புங்க. அதுலயும் இதே புள்ளி இதே அளவுல இருந்தா பயப்பட ஒண்ணுமில்ல. இல்லேன்னா ஊசி விட்டு சதை எடுத்துப் பார்க்கணும்" என்றார். அந்தப் பழைய ஸ்கேன் எடுத்த இடத்தையே இப்போது மூடிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த சிடி டிஸ்க் மட்டும் பீரோவில் பத்திரமாக இருந்தது. அதைப் போட்டுப் பார்க்கத்தான் எங்கும் வழியில்லை. டிஸ்க்கைப் படிக்கும் டிரைவ் டாக்டரின் லேப்டாப்பில் இல்லை, எங்கள் கம்ப்யூட்டரிலும் இல்லை. கடைகளில் கேட்டால், "இப்ப யாருங்க அதெல்லாம் வெச்சிருக்கா?" என்று சிரித்தார்கள்.

வெளியூர் வேலையில் இருந்த கணவரிடம் பாதிதான் சொன்னேன். நாத்தனாரிடம் எப்படியோ முழுவதையும் கொட்டிவிட்டேன். போயும் போயும் இவளிடமா என்று போனை வைத்ததும் என்னையே நொந்துகொண்டேன். அவளோ தையல் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, தன் வீட்டில் செத்துக் கிடந்த கம்ப்யூட்டரிலிருந்து டிரைவைப் பிடுங்கி, துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"இதெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"வர்ற வழியில வீடியோ பார்த்தேன். என் மிஷினை நான்தானே கழட்டி மாட்டுறேன்? இது என்ன, அதைவிட உசத்தியா?"

முகப்பில் டிரைவுக்கான இடத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் பட்டையில், மகள் விடுதிக்குப் போகுமுன் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் இருந்தது. அதைக் கிழிக்க வேண்டாம் என்றேன். "உங்க பட்டாம்பூச்சியை யாரும் தொடல, தாயே" என்று டிரைவை உட்பக்கமாகவே நுழைத்து, கேபிள்களைச் சொருகி, பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் டிரைவின் பெயர் வந்தது. டிஸ்க் வைக்கும் தட்டைத் திறக்கச் சொன்னாள். நான் அழுத்தினேன். உள்ளே 'டொக்' என்று இடித்த சத்தம். மறுபடி அழுத்தினேன், மறுபடி டொக். தட்டு வெளியே வரும் வழியை நாங்களே அடைத்து வைத்திருக்கிறோம் என்பது இரண்டு புத்திசாலிகளுக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையானது. அவள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஊசி நுனியால் ஸ்டிக்கரின் ஓரத்தை நெம்பி, இறக்கைகூடக் கிழியாமல் உரித்து, மானிட்டரின் மூலையில் ஒட்டினாள். பிறகுதான் பட்டையைப் பெயர்த்தாள்.

இப்போது தட்டு வந்தது. டிஸ்க்கைப் போட்டோம். அது சுழன்ற வேகத்தில் டிரைவ் கடகடவென்று ஆடி, படிக்க முடியவில்லை என்று திரையில் எழுதிவிட்டது. திருகாணி போட்டு இறுக்கலாம் என்று அவள் கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்தால், இருந்ததெல்லாம் தையல் மிஷினின் திருகாணிகள். அவசரத்தில் டப்பா மாறிவிட்டது. ஒன்றுகூட டிரைவில் ஏறவில்லை.

"சரி விடுங்க" என்று திறந்திருந்த பக்கம் கையை விட்டு, டிரைவை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "இப்ப போடுங்க."

ஆட்டம் நின்றது. சாம்பல் நிறத்தில் என் நெஞ்சு துண்டு துண்டாகத் திரையில் விரிந்தது. புதுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக நகர்த்தினேன். எனக்கு முன்பே அவள் கண்டுவிட்டாள்.

"அண்ணி, நிறுத்துங்க. அங்கதான் இருக்கு!"

அதே இடத்தில், வெள்ளையாக. ஒரு புள்ளியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். அளவு அதேதானா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் காப்பி செய்து அனுப்பி முடிக்கும்வரை அவள் கையை அசைக்கவில்லை. இவளுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? எங்களுக்குள் அந்த வார்த்தை புழக்கத்திலேயே இல்லை.

"போயிடுச்சும்மா. கையை எடு, மரத்துப் போயிருக்கும்" என்றேன்.

"இருக்கட்டும். டாக்டர்கிட்டேருந்து பதில் வரட்டும்."

டிஸ்க் சுழல்வது எப்போதோ நின்றிருந்தது. முழங்கைவரை தூசியோடு, அவள் அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.