படத்தைக் கொடுத்தது யார்?

ஸ்கூல் வேன்காரர் யேசுரட்ணத்தைத் தவிர வேறு யாராக இருக்கும்? ராஜராஜேஸ்வரிக்கு அதில் துளி சந்தேகமும் இல்லை.

மூன்று நாளாய் மகள் அஷ்வினி ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை. பாத்ரூமுக்குள்ளும் போனைக் கொண்டுபோனாள். தாய் சும்மா விடுவாளா? கதவைத் தட்டுதட்டென்று தட்டினாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை விம்மி விம்மி அழுதுகொண்டே போனை நீட்டியது. "அம்மா, ஏசாதேங்கோ."

இன்ஸ்டாகிராமில் யாரோ ஓர் 'அண்ணா'. போன மாதம் அவள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டில் பட்டுச்சேலையும் ஒட்டியாணமுமாய் எடுத்த படத்தை அவளுக்கே அனுப்பியிருந்தான். கீழே மிரட்டல்: 'இந்தப் படத்தைக் கேவலமாய் மாத்த எனக்கு அஞ்சு நிமிசம் போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள நான் கேட்ட படங்களை அனுப்பாட்டி உன்ட ஸ்கூல் முழுக்கப் போகும்.' ஸ்கூலின் பெயரைச் சரியாய் எழுதியிருந்தான், பாழாய்ப்போவான். கொழும்பு வெள்ளவத்தையில் வீடு எந்த லேன் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

ராஜராஜேஸ்வரி கணக்குப் போட்டாள். ஸ்கூலும் லேனும் யாருக்குத் தெரியும்? சாமத்தியவீட்டில் சாப்பிடக்கூட உட்காராமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? வாழ்த்த வந்த மனிதருக்குப் படம் எதற்கு?

காலையில் ஸ்கூல் வேன் வந்ததும் விடுவிடென்று கீழே இறங்கினாள்.

"உங்கட போனைத் தாங்கோ பாப்பம்."

"ஏன் தங்கச்சி?" என்றபடியே யேசுரட்ணம் கொடுத்தார். அவள் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்: பேரப்பிள்ளை, மாதா சுரூபம், தேய்ந்த டயர். நடுவில் கலங்கலாய் அஷ்வினியின் படம் இரண்டு.

"பாத்தியளோ, வச்சிருக்கிறியள்!"

வேனுக்குள்ளிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. "அஞ்சு வருசமாய் உங்கட பிள்ளையை ஏத்தி இறக்கிறன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வேனை எடுத்தார். கள்ளன்தான் பேசாமல் போவான் என்று அவள் முடிவுகட்டினாள்.

அஷ்வினியையும் இழுத்துக்கொண்டு நேரே பொலிசுக்குப் போனாள். சிறுவர், பெண்கள் பிரிவில் ஷபீகா என்ற தமிழ் பேசும் பொலிஸ்காரி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"யேசுரட்ணம், வேன் ஓடுறவர். எழுதுங்கோ."

ஷபீகா எழுதவில்லை. மிரட்டியவனின் பக்கத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு, "ஒங்கட போனையும் தாங்க," என்றாள். கொஞ்ச நேரம் தடவிவிட்டுத் திருப்பிக் காட்டினாள். "இது ஒங்கட பேஸ்புக்தானே?"

ஓம், அவளுடையதேதான். சாமத்தியவீட்டுப் படங்கள் அறுபத்திரண்டு. கனடா, லண்டன் சொந்தமெல்லாம் பார்த்து வாய் பிளக்கட்டும் என்று யாரும் பார்க்கக்கூடியதாய்ப் போட்டிருந்தாள். பட்டுச்சேலைப் படத்தின் கீழே அதே 'அண்ணா', அதே பெயரில்: 'வடிவான தங்கச்சி. எந்த ஸ்கூல்?' யாரோ கனடாச் சொந்தம் என்று நினைத்து அவளே பதில் போட்டிருந்தாள். ஸ்கூலின் பெயர், ஒரு சிவப்பு இதயம், 'கொழும்புக்கு வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வாங்கோ தம்பி' என்று லேனும் சேர்த்து.

அவள் கை அதை அழிக்கப் போயிற்று.

"பொறுங்க, அது சாட்சி. முதல்ல நான் கொப்பி எடுக்கணும்," என்று ஷபீகா தடுத்தாள்.

"போட வேண்டாமெண்டு நான் சொன்னனான் அம்மா," என்றாள் அஷ்வினி. அதில் கோபம்கூட இல்லை.

ஷபீகா பேனாவை எடுத்தாள். "படமும் ஸ்கூல் பேரும் அவனுக்கு யாரால கிடைச்சது? எழுதணும்."

"என்னாலதான்," என்றாள் ராஜராஜேஸ்வரி. ஷபீகாவுக்குக் கேட்கவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாம் தரமும் சொல்ல வேண்டியிருந்தது.