அகலமான வாசல்

பள்ளியின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதித் தரும்படி தலைமை ஆசிரியை சிஸ்டர் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். நான் வரலாற்று ஆசிரியன். பிள்ளைகள் இதே வேகத்தில் குறைந்தால் நானே வரலாறாகிவிடுவேன். அதற்குள் எழுதிவிடுவது நல்லது.

ஒரு காலத்தில் எட்டாம் வகுப்பில் அ, ஆ, இ, ஈ என்று நான்கு பிரிவுகள். இப்போது ஒன்றுதான். ஆனாலும் கதவில் '8 அ' என்றே எழுதியிருக்கிறோம், ஏதோ 'ஆ' பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருப்பதுபோல. அந்த 'அ'வில் பதினோரு பேர். வகுப்பாசிரியன் நான். பதினோரு பேரில் ஒருத்தி என் மகள்.

மற்றவர்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பிய பள்ளிக்குப் போய்விட்டார்கள். அங்கே துணை முதல்வர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர். சகலை என்றாலே வயிற்றில் சின்னதாக ஒரு அடுப்பு எரியும். அவருக்கு நான்கு மாடியும் நீச்சல் குளமும் வாய்த்தால்? எனக்குள் ஒரு கல்யாணத்துக்கே சமைக்கலாம்.

போதாததற்கு, அவர்களுடைய மஞ்சள் பஸ் தினமும் எங்கள் வாசலில் வந்து நின்றுதான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்.

"அண்ணே, வேணும்னு செய்யல. இந்த ரோட்டுல உங்க வாசல்லதான் பஸ்ஸைத் திருப்ப இடம் இருக்காம், டிரைவர் சொல்றார்" என்றார் சகலை.

"ஆமாம், நாங்கதான் உங்களுக்காகக் கட்டி வெச்சோம்!"

"கோவிச்சுக்காதீங்க. நானும் இங்க படிச்சவன்தானே, எட்டு ஈ. மலர்ல என் பேரு வருமா?"

அன்றே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பேனா தானாக ஓடியது. பொறாமைக்கு எழுத்துப்பிழையே வராது என்று தெரிந்துகொண்டேன்.

மூன்று நாள் கழித்து சிஸ்டர் கூப்பிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சார், இது யாரோட வரலாறு?" என்றார்.

"நம்ம பள்ளியோடதுதான் சிஸ்டர்."

"அவங்க பேருதான் அதிகமா வருது. நீச்சல் குளத்துக்கு மட்டும் ஒரு பக்கம். தண்ணி நீல நிறம்னு எழுதியிருக்கீங்க. உள்ள போய்ப் பார்த்தீங்களா?"

"மதிலுக்கு மேலேருந்து..."

"எட்டிப் பார்த்தீங்களா! இந்த வயசுல!" சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நம்ம வாசல்ல கல்லுக் குகையா கட்டியிருக்கிற மாதா கெபிக்கு ரெண்டே வரி. இதை அச்சடிச்சா அவங்களுக்கு நாம போட்ட விளம்பரம் ஆயிடும். அடிச்சிடுங்க. வாசல் பத்தி எழுதினது மட்டும் அழகா இருக்கு, அது அப்படியே இருக்கட்டும்."

அந்தப் பத்தியை நான் சும்மா இடம் நிரப்ப எழுதியிருந்தேன். பள்ளி விடும் நேரத்தில் நெரிசலில் சைக்கிளோடு ஒரு பெண் விழுந்து கை ஒடிந்ததாம். அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு பெற்றோரே கடப்பாரையோடு வந்து மதிலை உடைத்து, உள்ளே தள்ளிக் கட்டி, வாசலை இரண்டு மடங்கு அகலமாக்கினார்களாம். அத்தனை பிள்ளைகள் அப்போது.

அன்று மாலை வீட்டில் மகள் என்னெதிரே வந்து உட்கார்ந்தாள். அம்மாவை வக்கீலாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, அடுத்த வருஷம் சித்தப்பா ஸ்கூலுக்குப் போறேன்."

எனக்குக் காதில் புகை வந்தது. "நீச்சல் குளத்துக்கா? லிஃப்டுக்கா? சித்தப்பா சாக்லேட் குடுத்தாரா?"

"த்ரோபாலுக்கு. டீமுக்கு ஏழு பேர் வேணும். எங்க கிளாஸ்ல பொண்ணுங்க நாலே பேர்."

"ஏழாம் வகுப்பைச் சேர்த்துக்கோ."

"சேர்த்தா ஆறு. அதுல ஒருத்தி பந்தைப் பார்த்தாலே அழறா."

"வாத்தியார் பொண்ணே போயிட்டா ஊர் என்ன சொல்லும்? மத்தவங்களும் போயிடுவாங்களே!"

"அதுக்கு நான் என்னப்பா பண்றது? ஏழாவது ஆளா நீங்க வர்றீங்களா?"

மனைவி சிரித்துவிட்டாள். நான் முறைத்தேன். சகலையிடம் தோற்றிருந்தால் பொறுத்திருப்பேன். தோற்றது ஒரு பந்திடம். ராத்திரி மலருக்கான பக்கங்களை எடுத்து நீச்சல் குளத்தை ஒரே கோட்டில் தூர்த்தேன். முன்னாள் மாணவர் பகுதியில் 'எட்டு ஈ' என்று போட்டு, சகலையின் பெயரைச் சேர்த்தேன். கொஞ்சம் சின்ன எழுத்தில்தான்.

அடுத்த வருஷம் பள்ளி திறந்த அன்று காலை மகளை நானே கூட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் எங்கள் வாசலில் நின்றோம். புதுச் சீருடை அவளுக்கு அழகாக இருந்தது, அதுவும் எரிந்தது. மஞ்சள் பஸ் வந்து, அந்த அகலத்தில் சுகமாக ஒரு வட்டம் அடித்து நின்றது. சகலை முன்படியில் இறங்கி, பழக்கத்தில் கெபியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, "வாம்மா" என்றார்.

"ஜன்னல் பக்கம் உட்கார வைங்க. வாந்தி வரும்" என்றேன்.

"தெரியும்ணே."

ஏறியவள் உள்ளே யாரையோ பார்த்துக் கையாட்டினாள். அந்த யாரோ மீதும் பொறாமைப்பட்டேன். பஸ் கிளம்பும் நேரத்தில் எங்கள் மணி அடித்தது. நான் நகரவில்லை. ஜன்னலில் தலை நீண்டது.

"அப்பா! பெல் அடிச்சாச்சு! கிளாசுக்குப் போங்க, லேட்!"

என்னோடு ஒன்பதாம் வகுப்புக்கு ஏறிய பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஓடினேன்.