பெரியவர் இல்லாத நாலு மணி

1

"அவர் அங்க ஏதாவது இனிப்பு திங்கிறாராம்மா? உண்மையைச் சொல்லு."

பல் டாக்டரின் மனைவி ஒரு திங்கட்கிழமை என்னிடம் போனில் கேட்ட கேள்வி இது. இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. அன்றே பதில் சொல்லியிருந்தால் எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அந்த கிளினிக்கில் கருவிகளைக் கழுவி, ஆவிப்பெட்டியில் வைத்து எடுப்பது என் வேலை. காத்திருப்பவர்களை வரிசையாக உள்ளே அனுப்புவதும் நான்தான். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். பக்கத்தில் போய் நிற்பேன், அவர்களே எழுந்துவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதும் இதனால்தான். எழுந்து நின்று வாசி என்றார்கள். எழுந்து நின்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

"லைன்ல இருக்கியா?" என்றார் அக்கா. (டாக்டரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதாவது, கூப்பிட்டால்.) "போன மாசத்துலேருந்து சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது. விரல் நுனி மரத்துப்போகுதுன்னு நேத்து அவரே சொல்றார். வீட்ல எல்லா டப்பாவையும் பூட்டி வெச்சாச்சு. பல்லு புடுங்குற மனுஷனுக்கு விரல் போச்சுன்னா அப்புறம் என்ன இருக்கு, நீயே சொல்லு."

நான் தலையாட்டினேன். போனில்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

அந்த வங்கி மேலாளரின் நாய் இறந்த அன்று வானம் மேகமூட்டமாக இரு

அந்த வரியை அடித்துவிட்டேன். வானம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கருவி கழுவும் அறையில் ஜன்னல் கிடையாது. பல் டாக்டரை வங்கி மேலாளர் ஆக்கியது, யாராவது நோட்டைப் பார்த்துவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. (நோட்டு, பல் அச்சு எடுக்கும் மாவு மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது. அந்த மூட்டையை என்னைத் தவிர யாரும் நகர்த்த மாட்டார்கள்.) நாய் ஆக்கியதற்குக் காரணம் வேறு. நாய் செத்தால் வாசகர் அழுவார். மீன் செத்தால் என்ன செய்வார்?

மீன்தான். காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் ஒன்பது வருஷம் தனியாக வாழ்ந்த, உள்ளங்கை அகலக் கறுப்பு மீன். தடித்த உதடு. யாரையும் நம்பாத முகம். எல்லோரும் அதைப் 'பெரியவர்' என்பார்கள். போன மாதம் ஒரு காலையில் ஒருக்களித்து மிதந்தது. "பெரியவர் தவறிட்டார் போலிருக்கே" என்றார் ஒருவர், வாயில் கடித்த பஞ்சோடு. எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர், அரை மணி நேரம் கழித்துத்தான் அடுத்த ஆளை அனுப்பச் சொன்னார்.

3

டாக்டர் என்கிற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். ஒரு பல் டாக்டர், ஒரு மீனுக்காக, ஒளித்து வைத்து மிட்டாய் தின்கிறார். வேறு யாராவது எழுதியிருந்தால், வேண்டுமென்றே சிரிக்க வைக்கப் பார்க்கிறார் என்று மூடி வைத்திருப்பேன்.

ஆனால் பார்த்தது நான். கழற்றிப் போட்ட ரப்பர் கையுறைகளைச் சேர்த்துக் கட்டுவது என் பொறுப்பு. அதில் ஒன்று மட்டும் தினமும் விரல் விரலாக உப்பியிருந்தது. மணிக்கட்டில் முடிச்சு. அவிழ்த்தேன். ஐந்து விரலிலும் மிட்டாய்க் காகிதம். எண்ணினேன், பதினொன்று.

பத்து மணிக்கும் நாலு மணிக்கும்தான் தின்பார். பெரியவருக்குத் தீனி போடுகிற நேரங்கள் அவை. அப்போதெல்லாம் டாக்டர் தொட்டிக்கு வந்து மூன்று உருண்டையைக் கிள்ளி எடுத்துத் தண்ணீருக்கு மேல் நீட்டுவார். மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். நாளெல்லாம் "நல்லாத் திறங்க, இன்னும், இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சுகிற மனிதருக்கு, கேட்காமலே வாயைத் திறந்த ஒரே ஜீவன் அது. இப்போதும் நாலு மணியானால் அவர் விரல்கள் கிள்ளுவதற்குக் குவிந்துவிடுகின்றன. கிள்ளியது எந்த வாய்க்காவது போக வேண்டுமே.

(இது எனக்கு எழுதிய பிறகுதான் புரிந்தது. முன்பே புரிந்துகொண்ட கெட்டிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள்.)

4

இந்த இடத்தில் கதாநாயகி பேசியாக வேண்டும். எழுதினேன்:

"டாக்டர்," என்றாள் அவள், கண்களில் நீர் மின்ன, "துக்கத்துக்கு வயிறு கிடையாது. அதற்கு எதைப் போட்டாலும்

யார் இப்படிப் பேசுவார்கள்? மூன்று வருஷமாக அவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசாதவள் திடீரென்று மேடை ஏறிவிட்டாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். [கிழிக்கவில்லை. மடித்து வைத்திருக்கிறேன். 'கண்களில் நீர் மின்ன' எனக்குப் பிடித்திருந்தது.]

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை, நாலு மணி. டாக்டரின் கை மேசை இழுப்பறைக்குப் போனது.  என் கையிலிருந்த இடுக்கி தட்டில் கணீரென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டேன்.

"பெரியவர் எப்படி இங்க வந்தாரு, டாக்டர்?"

டாக்டர் முதலில் தட்டைப் பார்த்தார், பேசியது அதுதான் என்பதுபோல. பிறகு என்னைப் பார்த்தார்.

"அடிப்பாவி! உனக்குப் பேச்சு வருமா? மூணு வருஷம் சைகையிலேயே ஓட்டிட்டியே!"

நான் தரையைப் பார்த்தேன். அவர் அதற்குள் தொடங்கிவிட்டார்.

"ஒருத்தர் வந்தாரு, கடைவாய்ப் பல்லு. ஊசி போட்டதுல பாதி மூஞ்சி மரத்துப்போச்சு. அவரு வேற ஊருக்குப் போறவரு. பையிலேருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் கையில திணிச்சுட்டு 'புடிங்க'ன்னு சொல்ல வராம 'ஃபூ, ஃபூ'ங்கிறாரு. எனக்கு ஒண்ணும் விளங்கலை. சரி, எச்சில் துப்பணும்போலன்னு வாஷ்பேசினைக் காட்டினேன். பாட்டிலைக் கொட்டப்போறேன்னு நினைச்சுட்டாரு மனுஷன். பதறி அதைக் கட்டிப்புடிச்சுக்கிட்டாரே பார்க்கணும்! உள்ள பார்த்தா, சுண்டுவிரல் நீளத்துக்கு நம்ம பெரியவர்."

முடித்தபோது மணி நாலு இருபது. இழுப்பறை பாதி திறந்தபடியே கிடந்தது.

5

அன்று கையுறையில் ஏழு. மறுநாள் நான் கேட்காமலே சொன்னார். துளை போடும் மிஷின் ஓடினால் பெரியவர் கூழாங்கல்லை வாயில் எடுத்துக் கண்ணாடியில் துப்புவாராம். "என் தொழிலைப் பத்தி அவருக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது." அன்று மூன்று.

கதை என்றால் அடுத்து பூஜ்ஜியம் வர வேண்டும். ஒன்பது வந்தது. எதையோ தேடப்போய் அலமாரியில் பெரியவரின் தீனி டப்பா அவர் கையில் பட்டுவிட்டது. அன்று கையுறையில் முடிச்சு இல்லை. கூடையில் போடாமல் நேராக என் கையிலேயே கொடுத்தார்.

"இன்னிக்குக் கொஞ்சம் ஓவராப் போச்சு, பாப்பா."

ஒளித்துத் தின்பது அன்றோடு நின்றது. தின்பதே நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். சில நாள் ஆம், சில நாள் இல்லை. பேசுகிற நாட்களில் கை இழுப்பறைக்குப் போக மறந்துவிடுகிறது, அவ்வளவுதான். அவர் சொன்னதையெல்லாம் எழுதி வைக்கிறேன். பெரியவரைப் பற்றி மட்டும் பதினான்கு பக்கம் ஆகிவிட்டது. மீனுக்கு இது அதிகம்தான். எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. புது மீன் வாங்குகிறார்: இந்த யோசனையைச் சொன்ன ஒருவரிடம் டாக்டர், "உங்க மாமனார் போனா வேற மாமனார் வாங்குவீங்களா?" என்று கேட்டுவிட்டார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கிவிடுகிறது: அந்தத் தாள் அடுத்த வாரம்தான் வரும், நோட்டில் இருப்பதோ இன்னும் ஒரு பக்கம். நான் அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் விளக்குகிறேன்: நடக்கிற காரியமா இது?

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் நேற்றைய நாலு மணி மட்டும்தான் இருக்கிறது.

தொட்டியில் தண்ணீர் இன்னும் இருக்கிறது. குமிழி விடும் குழாயை அவர் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. அதன் பக்கத்தில் நின்று டாக்டர், காத்திருந்த இரண்டு பேருக்கும் எனக்கும் பெரியவரை நடித்துக் காட்டினார். கண்ணைப் பிதுக்கி, உதட்டைக் குவித்து, இரண்டு கன்னத்தையும் உள்ளே இழுத்து. பல் வலிக்காரர்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க டாக்டர், உயிர் போகுது!" எனக்கும் சத்தமாகவே சிரிப்பு வந்தது.

அப்போதுதான் வாசலில் அக்காவைப் பார்த்தேன். சொல்லாமல் வந்திருந்தார். கையும் களவுமாகப் பிடிக்க வந்தவர் மாதிரி நின்றார். டாக்டர் அவரைக் கவனிக்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்து, கன்னங்களை இன்னும் ஒட்டவைத்தார். உள்ளே பல்லைத் தவிர ஒரு மிட்டாய்க்குக்கூட இடமில்லை.

அக்கா அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, குதிகால் உயர்ந்த செருப்புகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, சத்தம் கேட்காதபடி படியிறங்கிப் போனார்.