சிரிப்புப் பெட்டியும் தொங்கிய பாறையும்

தொலைக்காட்சித் தொடருக்காக அவர் எழுதிய நகைச்சுவை வரிக்கு அரங்கில் ஒருவரும் சிரிக்காவிடில், கூரையினின்று ஒரு கல் விழும். சிறு வரிக்குக் கூழாங்கல். வசனம் நீண்டால் செங்கல். தொலைக்காட்சி நிலையத்தார் அதைப் பெரிதுபடுத்தவில்லை. துடைப்பமும் கூடையும் வாங்கி வைத்தனர். எழுத்தாளராய் இருந்தவரை அவரும் கவலைப்படவில்லை. தயாரிப்பாளராகி, உடன்பிறந்த அக்காளையே நாயகியாக்கிய பின்னர்தான் அவர் கூரையை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார். அக்காளின் தோளை ஒரு கல் உரசிச் சென்ற மறுநாளே, பதிவுசெய்த சிரிப்பு அடங்கிய பெட்டி ஒன்றை வரவழைத்து, செத்த வரிதோறும் அதை அரங்கில் ஒலிக்கச் செய்தார். கற்கள் நின்றன. ஆண்டுகள் உருண்டன, விருதுகள் வந்தன, அண்ணாந்து பார்ப்பார் எவருமிலர்.

ஒரு நேரடி ஒளிபரப்பு நாளில் விளக்குக் கட்ட ஏணியேறியவர்தான் முதலில் கண்டார். “சார், மேல ஒரு பாறை தொங்குது. கயிறு கியிறு ஒண்ணும் காணோம்.” அத்தனை காலமும் விழாத கற்களெல்லாம் ஒன்றாய்த் திரண்டு, யானைக்கன்றின் பருமனில், அக்காளின் தலைக்கு நேர்மேலே நின்றன. அவள் நகர்ந்தால் பாறையும் நகர்ந்தது.

“வேணாம்க்கா. வீட்டுக்குப் போயிடலாம்.”

“வீட்டுக் கூரை இதைவிட மெலிசுடா,” என்று அவள் மேடையேறினாள்.

முதற்காட்சியிலேயே பெட்டி சிக்கிக்கொண்டது. சிரிப்பு அற்றுப்போய், அதனூடே பதிவாகியிருந்த யாரோ ஒருவரின் இருமல் மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தது. இருமலுக்கு ஒரு சாணாகப் பாறை இறங்கிற்று. மேடையின் மறைவில் நின்ற அவர், நாள்தோறும் ஓதும் பதிகத்தைத் தேடினார். முதற்சீர்கூட நாவுக்கு வரவில்லை. பாறை அக்காளின் கொண்டையைத் தொட்டது.

எழுதித் தந்த வசனத்தைக் கைவிட்டு, அவள் தம்பி நின்ற பக்கம் திரும்பினாள். “ஏண்டா, இத்தனை வருஷமா வாராவாரம் இதே ஆளுதான் இருமுறாரு. சிரிக்கிறதுக்கு ஆள் புடிச்சியே, பாவம், அவருக்கு ஒரு இருமல் மருந்து வாங்கிக் குடுத்தியா?”

ஒருவரும் அசையவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு பெண்மணி களுக்கென்றார். அவரைத் தொட்டு அடுத்தவர். அப்புறம் அரங்கமே குலுங்கிற்று. பாறை சர்க்கரைக் கட்டியாய் உதிர்ந்து, மணலாய் அக்காளின் தோளில் வழிந்தது. அவள் தட்டிவிட்டுக்கொண்டு காட்சியைத் தொடர்ந்தாள்.

இப்போது அந்தத் தயாரிப்பாளர் நகைச்சுவை எழுதக் கற்பிக்கிறார். வகுப்பில் சிரிப்புப் பெட்டிக்கு இடமில்லை. மாணவர் ஒருவர் தம் வரியை வாசிக்கிறார், எவரும் சிரிப்பதில்லை, கல் விழுகிறது. பக்கத்திலிருப்பவர் நாற்காலியைச் சற்றே நகர்த்திக்கொள்ள, அடுத்தவர் வாசிக்கத் தொடங்குகிறார்.