வெளுக்காத வகிடு

சாயத்தை நிறுத்தி ஒன்பது வாரமாகியும் வகிட்டில் ஒரு வெள்ளை முடிகூடத் தலைகாட்டவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் கண்ணாடியைப் பார்த்துப் பூரித்துப் போயிருப்பாள். இவள் வகிட்டை விரலால் விரித்து மறுபடி தேடினாள். முன்பெல்லாம் சாயம் போட்ட பதினைந்தாவது நாளே வகிடு நெடுக வெள்ளைக்கோடு எட்டிப்பார்க்கும். அதை மறைக்கத்தான் இருபது வருடமாக ஞாயிறு விட்டு ஞாயிறு சாயம். ஐம்பத்து நான்கு வயதில் முடி திடீரென்று மனம் திருந்திக் கறுப்பாக முளைக்காது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

அந்த ஐம்பத்து நான்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஊர் உலகத்துக்கு அவள் வயது நாற்பத்தாறு. கணவருக்கு நாற்பத்தொன்பது, அது மட்டும் நிஜம். அவரைவிட அவள் ஐந்து வயது மூத்தவள். காதலித்த நாட்களில் வாடா போடா என்றுதான் கூப்பிட்டாள், அவரும் இளித்துக்கொண்டு வந்து நின்றார். கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எங்க வீட்டுல கேட்டா இருபத்தொண்ணுன்னு சொல்லிடேன். ஒரே ஒரு தடவைதான்."

ஒரே ஒரு தடவை சொன்ன அந்தப் பொய்க்கு இருபத்தைந்து வருடம் தீனி போட வேண்டியிருந்தது. இருபத்தொரு வயசுப் பெண் புருஷனை வாடா என்று கூப்பிட முடியுமா? அதனால் நாலு பேர் முன்னால் "நீங்க" ஆனது. பிறகு சமையலறையிலும் "நீங்க". கடைசியில் கனவில்கூட அவரை மரியாதையாகத்தான் திட்டினாள். பெற்ற மகளுக்கே அம்மாவின் உண்மையான வயது தெரியாது. சான்றிதழ்கள் எல்லாம் அவர் அலமாரியில், பூட்டுக்குள்.

அவர் ஒரு பள்ளியின் துணைத் தலைமை ஆசிரியர். குரலை உயர்த்தியதில்லை, கை நீட்டியதில்லை. தலையில் பேருக்கு ஒரு நரை கிடையாது, கடவுளின் ஓரவஞ்சனை அப்படி. சாயத்தை அவரே கலப்பார், கையுறை மாட்டிக்கொண்டு அவரே பூசுவார், காது மடலில் பட்டதை ஈரத்துணியால் துடைத்தும் விடுவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இதைக் கேட்டுவிட்டுத் தங்கள் வீட்டு ஆண்களை வறுத்தெடுத்தார்கள்.

பத்து வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயம் பூசி அரைமணி நேரத்தில் அவளுக்கு உதடு தடித்தது. பிறகு இமை. பிறகு தொண்டை உள்ளுக்குள்ளேயே இறுகிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டில் இருக்கும் கணக்கு சார்தான், அதே பள்ளிக்கூடத்து வாத்தியார், தன் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயசு டாக்டர் ஓடி வந்தார்.

"என்ன சாப்பிட்டாங்க? புது மாத்திரை ஏதாவது? தலைக்குச் சாயம் போட்டாங்களா?"

கணவர் ஒரு கணம் பக்கத்தில் நின்ற கணக்கு சாரைப் பார்த்தார். "சாயமா? சேச்சே. அந்த வயசெல்லாம் இவளுக்கு இன்னும் வரலை டாக்டர்" என்று சிரித்தார்.

படுக்கையில் கிடந்தவளுக்கு எல்லாம் காதில் விழுந்தது. நாக்கு கனத்துப் பேச்சு வரவில்லை. இல்லை இல்லை என்று சொல்லக் கையைத் தூக்கினாள். அவர் அந்தக் கையை ஆசையாகப் பிடித்து, தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி, மெத்தையோடு அழுத்திக்கொண்டார். டாக்டர் என்னென்னவோ ஊசி போட்டார். எதுவோ வேலை செய்தது, பிழைத்தாள்.

அடுத்த வாரம் தனியாக ஒரு தோல் டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னாள். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இனிமே ஒரு சொட்டு உங்க மேல படக்கூடாது. இந்தத் தடவை தப்பிச்சிட்டீங்க. அடுத்த தடவை ஆஸ்பத்திரி வந்து சேர நேரம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைச் சொல்லுங்க. உங்களால பேச முடியலைன்னா, கூட இருக்கறவங்க சொல்லணும்."

வீட்டில் வந்து சொன்னாள். சண்டை வரும் என்று எதிர்பார்த்தாள். அவரோ, "உன் உயிரைவிட அது என்ன பெரிசு? விட்டுத் தள்ளு" என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"முடிதான் காஞ்சு போய்க் கிடக்கு. நானே எண்ணெய் தேய்ச்சு விடறேன்" என்றார் அதே மூச்சில். அன்றிலிருந்து புதனும் ஞாயிறும் எண்ணெய். வாசனை தூக்கலான எண்ணெய். குளியலறையில் வைத்தால் தண்ணீர் பட்டுவிடும் என்று பாட்டிலைத் தன் அலமாரியிலேயே வைத்துக்கொண்டார். அப்போதும் கையுறை.

"எண்ணெய்க்கு எதுக்குங்க கையுறை?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சாக்பீஸ் பிடிச்ச கை. சொரசொரன்னு இருக்கும், உனக்கு வலிக்கும்."

பார்த்தீர்களா, பாசத்தை!

அவளுக்கு வேலை பல் லேபில். டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சிலிருந்து பிளாஸ்டரில் தாடை வார்த்து, அதன் மேல் பொய்ப்பல் கட்டும் இடம். பல்லின் நிறத்தைப் பொருத்துவது அவள் பொறுப்பு. பதினாறு மாதிரிப் பற்கள் செருகிய பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இது டீ குடிக்கிற பல், இது சிகரெட் பல், இது கிழவர் வாயில் குமரன் பல் என்று பிரித்துவிடுவாள். அதனால் அங்கே அவள் பெயரே ஷேடு அக்கா. பக்கத்து மேஜையில் மெழுகில் பல் செதுக்கும் பெண்ணுக்கு மெழுகு என்றே பெயர். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"என்னக்கா, நரைக்க விடப்போறேன், யார் என்ன சொன்னாலும் கவலையில்லைன்னு சபதமெல்லாம் போட்டீங்க. எங்க நரை? வெறும் வாய்ச்சவடால்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நிறம் பார்க்கும் விளக்கைத் தன் பக்கம் திருப்பி, கைக்கண்ணாடியை உச்சிக்கு நேரே பிடித்தாள். வீட்டு டியூப்லைட்டில் தெரியாதது அந்த விளக்கில் தெரிந்தது. அடிமுடி கறுப்பு அல்ல. கொதித்து வற்றிப்போன டீயின் நிறம். சாயப் பாக்கெட்டின் நிறமும் இல்லை, அவள் தலையின் நிறமும் இல்லை.

"இது என் முடியே இல்லடி" என்றாள்.

"பின்ன யார் முடியைத் தூக்கிட்டு வந்துட்டீங்க?"

மூன்று வாரமாகக் காலையில் இடது இமை கனக்கிறது. காதுக்குப் பின்னால் ஒரு பொருக்கு, சொறிந்தால் நீர் கட்டுகிறது. தூக்கக்கேடு, வெயில், வயசு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு வைத்திருந்தாள். சாக்குகள் எல்லாம் அந்த விளக்கு வெளிச்சத்தில் ஒன்றாகக் கொட்டிப் போயின.

அந்தப் புதன்கிழமை அவர் தேய்த்து முடித்ததும், கிண்ணத்தில் மிச்சமிருந்த எண்ணெயைக் கழுவப்போகிற சாக்கில் ஒரு மாத்திரை டப்பாவில் ஊற்றிக்கொண்டாள். தலையை மூன்று முறை அலசினாள். மறுநாள் லேபில் புதிதாக வார்த்த ஒரு தாடையை எடுத்தாள். வெள்ளை வெளேரென்ற பிளாஸ்டர். இடது கடைவாய்ப் பல்லில் சமையல் எண்ணெய் ஒரு சொட்டு. வலது பல்லில் டப்பாவிலிருந்து ஒரு சொட்டு. ஜன்னலோரம் வைத்தாள். இரண்டும் ஒரே மாதிரி ஈரமாக மினுமினுத்தன. வெறும் எண்ணெய்தான், நம் புத்திதான் கோணல் என்று அன்று முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அப்படித் திட்டிக்கொள்வது எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

சனிக்கிழமை காலையில் மெழுகு அந்தத் தாடையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாரோட வாய்க்கா? வலது பக்கம் ஒண்ணு மட்டும் சொத்தையா இருக்கு."

இடது பல்லில் மங்கிய எண்ணெய்க்கறை. வலது பல் கருகிக் கிடந்தது. வற்றிப்போன டீயின் நிறம்.

"என்னோட வாய்தான்" என்று வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பயம்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் தன் கையை மெத்தையோடு அழுத்திய அந்த இரண்டு கைகளும் நினைவுக்கு வந்தன. ஒன்பது வாரத்தில் பதினெட்டு முறை அதே கைகளுக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு முறை சுகமாகத் தூங்கியும் போயிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கீழே செய்தித்தாள் விரித்து, எண்ணெயை இளஞ்சூடாக்கிக் கிண்ணத்தில் வைத்திருந்தார். கையுறையும் மாட்டியாகிவிட்டது.

"வா வா, ஆறிடும்."

அவள் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். "இன்னைக்கு நீங்க உக்காருங்க. நான் உங்களுக்குத் தேய்ச்சு விடறேன்."

"எனக்கெதுக்கு?"

"சரி, வேணாம். கையுறையைக் கழட்டிட்டு விரலை மட்டும் அதுல முக்குங்க. நகத்துல ஒட்டினது நாளைக்கு என்ன நிறத்துல இருக்குன்னு பார்ப்போம்."

அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, கண் மட்டும் மாறியது. அவள் கைப்பையிலிருந்து பிளாஸ்டர் தாடையை எடுத்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பிட் அடித்த பையன்களை வருஷக்கணக்காகப் பிடித்துப் பழகியவர் அல்லவா, கையும் களவுமாக மாட்டிக்கொண்டால் எப்படி நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டார். குலுங்கி அழுதார்.

"கொஞ்சூண்டுதான் கலந்தேன். அரை ஸ்பூன்கூட இருக்காது. உனக்கு ஒண்ணும் ஆகலையே? ஆச்சா, சொல்லு? அடுத்த மாசம் எனக்குத் தலைமை ஆசிரியர் பதவி குடுக்கறாங்க. மேடையில நீ பக்கத்துல உக்காரணும். எல்லாரும் பார்ப்பாங்க. அது வரைக்கும்தான். அப்புறம் மெதுவா நரைக்கட்டும்னு நானே நினைச்சிருந்தேன்."

"டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் கொஞ்சமா..."

அவள் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். கோபம் இப்போதுதான் வந்தது. ஆனாலும் குரல் உயரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறுபடியும் எனக்குத் தொண்டை அடைக்குது. நாக்கு எழலை. டாக்டர் வந்து கேக்கறார், சாயம் ஏதாவது போட்டாங்களான்னு. நீ என்ன சொல்லுவே?"

இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு "நீ". அவரும் அதைக் கவனித்தார். முதல் காரியமாக வாசற்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பள்ளியில் கஷ்டமான கேள்விக்கு முகத்தைச் சுருக்கிக்கொள்வாரே, அப்படி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"அப்ப கூட யார் இருப்பாங்க?"

அவள் எழுந்தாள். இரண்டு புடவை, மருந்துச் சீட்டு, செல்போன். அவர் தடுக்கவில்லை, வாசல் வரைக்கும் வந்தார். எதிர்வீட்டுக் கணக்கு சார் வெளியே நின்று கார் துடைத்துக்கொண்டிருந்ததால் சிரித்த முகமாகவே வழியனுப்பினார்.

"சாயந்திரத்துக்குள்ள வந்துடு" என்றார் உரக்க.

பஸ் நிறுத்தத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. இடது இமை இன்னும் கனத்தது. வேறு ஊரில் முதல் வேலையில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள்.

"பேப்பர் பேனா எடு. நான் சொல்றதை எழுதிக்கோ."

"என்னம்மா, வாய்ப்பாடா?"

"அம்மாவுக்கு அம்பத்திநாலு வயசு."

"நாப்பத்தாறுதானே? காலையிலேயே என்ன விளையாட்டு?"

"அம்பத்திநாலு. எழுது. தலைச்சாயம் எனக்கு ஆகாது. பட்டா தொண்டை அடைச்சுக்கும், உயிர் போயிடும். எந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்தாலும், நான் எந்த நிலைமையில கிடந்தாலும், முதல்ல இதைச் சொல்லு."

எழுதுகிற சத்தம் கேட்டதா, அவளாக நினைத்துக்கொண்டாளா, தெரியவில்லை.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு. நான் இங்க இருக்கேன். பக்கத்துலதானே அப்பா இருக்கார், அவர் சொல்ல மாட்டாரா?"

"கூட யார் இருக்காங்கன்னு பார்த்துட்டுச் சொல்லுவார்" என்றாள் அவள். "நீ எழுதிக்கோ."